வலிக்குதா, வலிக்கலையா

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பாதி மறந்தும் போகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில் கழக்கூட்டத்தில் இருக்கும் என் மகள், வீட்டிலேயே கண்ணாடிக் கம்பியைத் தீயில் உருக்கிப் பாசிமணி செய்கிறாள். அந்தப் புகையில் அவளுக்குத் தலை சுற்றியது. புகையை வெளியே தள்ளுகிற ஃபேன் வைத்தும் புகை போகாவிட்டால் தொழிலையே விட்டுவிடுவேன் என்றாள். ஃபேன் மாட்ட ஒருவர் வந்தார். காதில் பென்சில் செருகும் இடத்தில் ஊதுபத்தி செருகியிருந்தார்.

மாட்டியதும் பத்தியைக் கொளுத்தி ஃபேனுக்கு முன்னால் நீட்டினார். நான் கைகூப்பினேன்.

"சாமிக்கில்ல அம்மே, புகைக்கு. வலிக்குன்னுண்டோ?"

"முழங்கால்தான் தம்பி," என்றேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, மலையாளத்துல வலிக்கிறதுன்னா இழுக்கிறது! ஃபேன் புகைய இழுக்குதான்னு கேக்கறாரு."

இழுக்கவில்லை. புகை என் முகத்துக்கே வந்தது. தீ அணைந்துவிடும் என்று எதிர் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம்.

"உள்ள காத்து வந்தாலல்லே வெளிய போகும்?" என்று அதைத் திறந்தார். புகை வளைந்து ஃபேனுக்குள் ஓடியது. "இப்ப வலிக்குது!" என்று குதித்தார். மகள் பொங்கலன்று அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி ஆசையாகத் தீயைப் பற்றவைத்தாள்.

போகும்போது அவர் என் காலைப் பார்த்து, "நோவு குறையும், கேட்டோ," என்றார். 'கேட்டோ' என்றால் 'சரியா' என்று அர்த்தமாம், மகள் சொன்னாள். கேலியா, அக்கறையா, இன்றுவரை தெரியவில்லை. அவர் பேசிய மலையாளத்தை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று மலையாளம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். முழங்கால் என்னவோ தேவலை.