விளக்குப் போட்டதும் அடைபட்ட சுழிகள்

என் தம்பி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவிய வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், எழுத்துரு வரைகிறவனானான். பட்டதாரிகளை மட்டும் எடுக்கும் நிறுவனத்தில் பட்டமில்லாமல் இடம் பிடித்தான். இடது கண் மங்கல். ஆனாலும் மயிரிழைக் கோணல் அவனிடம் தப்பாது. புதிய பேருந்து நிலையத்தின் பலகைகளுக்கு அவன் வரைந்த எழுத்துதான் தேர்வானது.

அது தடித்த எழுத்து. கரைந்த சோப்புக் கட்டிபோல முனையெல்லாம் உருண்டிருக்கும். புத்தகத்துக்கு ஆகாது, தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிடுவதற்கு. பெரிய தாளில் அச்செடுத்து வீட்டு வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு, தெருமுனை வரை போய்ப் போய்ப் பார்த்தான். எல்லாம் பகலில், எல்லாம் தாளில். அங்கேதான் சறுக்கியது.

நிலையப் பலகைகள் உள்ளே விளக்கு வைத்த பெட்டிகள். திறப்பு விழாச் சாயங்காலம் கூட்டத்தோடு நாங்களும் நின்றோம். விளக்கு எரிந்ததும் வெள்ளை எழுத்து ஒளியில் இன்னும் பருத்தது. எழுத்துகளின் சுழிகளுக்குள் இருந்த இடைவெளி அடைபட்டது. கழிப்பறைப் பலகைக்கும் குடிநீர்ப் பலகைக்கும் வித்தியாசமே இல்லை.

"ஏங்க, இது எழுத்தா, குளவி கொட்டின விரலா?" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

"உருளைக்கிழங்கு மூட்டை அவுந்து கொட்டிருச்சும்மா," என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

நிலைய அதிகாரி விளக்குக்காரரைப் பிடித்துக்கொண்டார். "யோவ், யாரு இவ்ளோ வெளிச்சம் வைக்கச் சொன்னது? எழுத்தையே முழுங்கிடுச்சே! உன் செலவுல மாத்திக் குடு."

"சொன்ன விளக்கத்தான் சார் போட்டேன்..."

"பேசாத."

தப்பு வெளிச்சத்தில் இல்லை, ஒளி பரவ இடம் விடாமல் சுழியை நெருக்கி வரைந்ததில்தான் என்று தம்பிக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. நிறுவனத்தின் பெயரில்தான் அந்த எழுத்து வெளிவந்திருந்தது; தன் பெயர் வேண்டாமென்று சொன்னவனே அவன்தான். தலையைக் குனிந்தபடி கூட்டத்தைவிட்டு நழுவினான். நானும் பின்னாலேயே போனேன்.

வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தான். "அக்கா, அந்த விளக்குக்கார அண்ணன் நம்மளப் பாத்தாரா?"

"உன்னைத் தெரிஞ்சாத்தானே பாப்பாரு."

"நல்லதாப் போச்சு."

"யாருக்குடா நல்லது?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் வாக்கா, தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்," என்றான். விளக்குக்காரர் ஏணிமேல் நின்று பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே அதிகாரி.

"சார், விளக்குல தப்பில்ல. எழுத்து நான் வரைஞ்சது. சுழியை நெருக்கிட்டேன். திருத்தித் தர்றேன்."

அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். "நேத்து எங்க போயிருந்தீங்க?"

"இங்கதான் நின்னேன் சார்."

"அடப்பாவி!" என்றார் ஏணியிலிருந்தவர். "ஊரே என்னைக் காறித் துப்புச்சேய்யா!"

"மன்னிச்சுக்கங்கண்ணே." தம்பி தலை நிமிரவில்லை.

"சரி சரி, ஏணியப் புடி, ஆடுது."

பிடித்துக்கொண்டான். எல்லாப் பலகையும் மாற ஒரு மாதமாகும். அதுவரை சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். பெட்டியோடு கீழே இறங்கியவர் தடித்த பேனாவை நீட்டினார். "எவன் பண்ணின வேலைன்னு இனி என்னைக் கேக்கக் கூடாது. பேரப் போடு."

தம்பியின் காது மடல் சிவந்தது. அதிகாரியும் நானும் பார்த்திருக்க, குடிநீர்ப் பலகையின் கீழ்மூலையில் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினான். அன்றைய தேதி 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.