பின்வாசல் அடைக்கும் நேரம்

கோட்டையூரில் நான் பார்த்துக்கொள்ளும் பெரிய வீட்டில் கதவுகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். தலைவாசலில் நின்றால் பின்வாசல் தாண்டிப் பின்தெரு வரை தெரியும். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்று நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார்கள்.

கூட்டிப் பெருக்க எங்கள் தெருப் பெரியப்பாவைச் சேர்த்துக்கொண்டேன். வலையபட்டியில் தான் வேலை பார்த்த வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சியைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்று, சிறையிலிருந்து வந்தவர். அவர் மகள், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு காரைக்குடியில் இருக்கும் அக்கா, என்னிடம் ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"நீ படிச்சவன். கூட இருந்து பாரு. அப்பா செய்யலைன்னு உனக்குப் பட்டாச் சொல்லு, அன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துர்றேன்."

பெரியப்பா கதையை எப்போதும் அதே வார்த்தைகளில் சொல்வார். அதே இடத்தில் விளக்குமாறு நிற்கும்.

"உள்ள வெளக்கு எரிஞ்சுச்சு தம்பி. தெனமும் 'வந்துட்டியாப்பா'ன்னு கேப்பாக. அன்னைக்குக் கேக்கல. தலைவாசல்ல நின்னு பாத்தா, பின்வாசல் தொறந்து கெடக்கு. அங்குட்டு ஒருத்தன் ஓடுறான்."

'வந்துட்டியாப்பா' மட்டும் ஆச்சியின் குரலில் வரும், மெலிந்து. காலி வீட்டுக்குள் அது போய்த் திரும்பும்.

ஆச்சியின் வீடும் இதே அமைப்புதான். ஒருநாள் தலைவாசலில் நின்று பார்த்தேன். பின்தெருவில் போன சைக்கிள் தெளிவாகத் தெரிந்தது.

"என்னடா, ஜட்ஜு மாதிரி எட்டிப் பாக்குற?"

"நீங்க சொன்னது சரிதான் பெரியப்பா. தெரியுது."

"அந்த ஜட்ஜு ஒரு எட்டு வந்து பாத்திருந்தா நான் ஏன்டா களி திங்கப்போறேன்?" என்று சிரித்தார். மறுநாள் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வழக்கமாக வெயில் சாயும் முன்பே பஸ் ஏறிவிடுவார். அன்று மழை. நான் தீப்பெட்டியை எடுத்ததும், "வெளக்கு வைக்கப்போறியா?" என்று கேட்டபடி அவராகவே உள்ளே நடந்து பின்வாசலைச் சாத்தித் தாழ் போட்டார். வீடு அந்தக் கோடியிலிருந்து இருண்டுகொண்டு வந்தது. நான் தினமும் செய்வதுதான். அவர் செய்தபோதுதான் உறைத்தது: அவர் கதையில் விளக்கும் எரிந்தது, பின்வாசலும் திறந்து கிடந்தது.

"ஆச்சியும் அடைச்சிட்டுத்தான் வெளக்கு வைப்பாகளா?"

"பின்ன? லெச்சுமி போயிர மாட்டாளா? ஆச்சி ஒருநாளும்..."

நிறுத்திவிட்டார். குச்சி என் விரலைச் சுட்டது.

"அன்னைக்கு மறந்திருப்பாக" என்றார். அந்த மெலிந்த குரலில்.

ஓடியவனே தாழைத் திறந்திருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு ஏன் தோன்றவில்லை? அல்லது, பொய் சொல்பவன்தான் உடனே அதைச் சொல்லியிருப்பானா? இரவெல்லாம் இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன.

அக்காவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். போனில் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"ஓடுனவன் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்திருக்கலாம்க்கா."

"நீ நம்புறியா?"

"பிள்ளைக சண்டை போடுதுக, பாருங்கக்கா" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டார். இன்னும் வரவில்லை.

மகளைப் பற்றிப் பெரியப்பா ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் வரை இருக்கிறார்.

"நீ போயி அடைச்சிட்டு வா தம்பி. நான் இங்குட்டு நிக்கிறேன்."

அவருக்கு முதுகைக் காட்டியபடி அத்தனை கதவுகளையும் தாண்டிப் போகிறேன். தாழைப் போட்டுவிட்டு இருட்டில் திரும்பும்போது, தலைவாசலிலிருந்து கேட்கிறது.

"வந்துட்டியாப்பா?"