கழன்ற பட்டை

குழந்தையைத் தொடுவதற்கு முன் அந்த ஆயா தாயின் கையைத்தான் முதலில் திருப்புவாள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையின் எண்ணை உதடு அசையப் படிப்பாள். பிறகு துணிக்குள்ளிருந்து குழந்தையின் காலை எடுத்து அதிலுள்ள பட்டையைப் படிப்பாள். மறுபடியும் தாயின் கை. பிரசவ வார்டில் அவளுக்கு ‘சிஐடி அக்கா’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள், அவள் சட்டை செய்வதில்லை.

ஏழாம் கட்டில்காரிக்கு அவளைக் கண்டாலே பிடிக்கவில்லை. பெற்று ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நான்கு முறை வந்து பார்த்தாயிற்று. பிள்ளையைத் தனி அறைக்குத் தூக்கிப் போகாமல் தாயின் பக்கத்திலேயே விடுகிறார்கள் என்று கேட்டறிந்துதான் இந்த ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தாள். இவள் எதற்கு மோப்பம் பிடிக்கிறாள்?

ஐந்தாம் முறை வந்தபோது குழந்தையின் காலில் பட்டை இல்லை.

“பட்டை எங்கம்மா?”

“கழண்டு விழுந்துடுச்சுக்கா. தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன். இந்தாங்க, கட்டிவிடுங்க.”

ஆயா அதைக் கையில் வாங்கவில்லை. “கழண்ட பட்டையை எந்தக் கால்ல வேணா கட்டலாம். நீ தூங்கினியா?”

“கொஞ்ச நேரம்.”

“அப்போ யாரு பாத்துக்கிட்டா?”

ஸ்டூலில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்த மாமியாருக்குச் சுருக்கென்றது. “நான்தான். ஏன், என் பேத்தியை நானே மாத்திட்டேன்னு கேஸ் போடப் போறியா?”

“நீங்க டீ குடிக்கப் போகலை?”

மாமியார் பழத்தைப் பார்த்தாள். “ரெண்டே நிமிஷம்.”

அந்த இரண்டு நிமிஷம் தாயைப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கட்டிலிலும் பெண் குழந்தை, அதே வெள்ளைத் துணி. தன் மடியில் கிடந்ததை உற்றுப் பார்த்தாள். காலையில் காதுமடல் இப்படியா மடிந்திருந்தது?

ஆயா போய் நர்ஸை அழைத்து வந்தாள். நர்ஸின் கையில், பிறந்தவுடன் மையில் எடுத்த பாதப்பதிவுத் தாள்.

தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது!”

“யாரு தூக்கப் போறா? உன் மடியில வச்சேதான் பாக்கப் போறோம்” என்றாள் ஆயா.

கட்டைவிரலுக்குக் கீழே கிளை பிரிந்த ஒரு கோடு. தாளிலும் இருந்தது, பாதத்திலும் இருந்தது. நர்ஸ் அதை விரல் வைத்துக் காட்டினாள். ஆயா குனிந்து தானும் இரண்டு முறை பார்த்த பிறகே புதுப் பட்டையைக் கட்டினாள்.

“எனக்கு அப்பவே தெரியும், அப்படியே என் மூக்கு” என்றாள் மாமியார்.

தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “பெத்தவளுக்கே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுட்டீங்களேக்கா! உங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கா, இல்லையா?”

“ஒரு பையன் இருக்கான்” என்று சொல்லிவிட்டு ஆயா அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த தாயிடம் நர்ஸ்தான் சொன்னாள். ஆயாவின் அந்தப் பையன் பிறந்ததும் இதே வார்டில்தான். அப்போதெல்லாம் பிள்ளைகளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கொண்டுவந்து கொடுத்த குழந்தையின் காலில் பட்டை இல்லை. ஆயா கேட்டாள். வழியில் கழன்றிருக்கும் என்று, அவள் கண் முன்னாலேயே புதிதாக ஒன்றை எழுதிக் கட்டிவிட்டார்கள்.