வாடை வராத குடிகாரர்

சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கும் அக்காவின் மூக்குக்கு அந்தத் தெருவே பயப்படும். சட்டையை ஒரு தடவை மோந்தால் போதும், கறை காப்பியா எண்ணெயா, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் குடிக்கிறார், ஆனால் பிடிபட மாட்டேன் என்கிறார். இது அவளுடைய மூன்று வருடத்து மனக்குறை.

அவர் சலூன் வைத்திருந்தார். பரம சாது. ஆனால் திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் சிவந்துபோகும், மூச்சு இளைக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவார். குடிக்கவில்லை என்று தலையில் அடித்துச் சொல்லியும் எவரும் நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிவந்த முகத்தோடு சவரக்கத்தி எடுப்பவரிடம் கழுத்தை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? வாடிக்கை பாதியாகக் குறைந்தது. இளைப்புக்கு ஆஸ்துமா என்று சொல்லி ஏதோ மருந்தை உறிஞ்சக் கொடுத்தார்கள். அது ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் இருமலில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்ததில் மூச்சுக்குழாயில் ஒரு கட்டி தெரிந்தது. நுரையீரல் டாக்டரின் அறையில் அவர் திரும்பி நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்க, அக்கா சமயம் பார்த்துப் பிராது கொடுத்தாள். இவர் குடிப்பதை நீங்களாவது கண்டிக்கக் கூடாதா, முகம் எப்படிச் சிவக்கிறது பாருங்கள் என்றாள். வாயில் வாடை வருமா என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு வருஷமா, சிவக்கிறப்பல்லாம் மோந்து பாக்குறேன் டாக்டர். ஒரு நாள்கூட வந்ததில்ல. அவ்வளவு கெட்டிக்காரர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மெதுவாக வளரும், அபூர்வமான நுரையீரல் புற்றுநோய். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலந்த ஏதோ ஒரு சுரப்புதான் முகத்தைச் சிவக்க வைத்தது, வயிற்றையும் கலக்கியது. அறுவை சிகிச்சையின்போது அது பொங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். நல்லவேளையாக முன்பே தெரிந்துவிட்டது, அதை அடக்க மருந்து கொடுத்துவிட்டே கத்தி வைப்போம் என்றார். அறுவை சிகிச்சை நடந்த ஐந்து மணி நேரமும் அக்கா வெளியே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டி முழுசாக வந்துவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

நான்காம் நாள் அவரைக் கைத்தாங்கலாக வார்டு வராந்தாவில் நடக்க வைத்தாள். பாதி வழியில் அவளால் அடக்க முடியவில்லை.

"மூணு வருஷம் உங்கள நம்பாமப் போயிட்டேனே."

அவர் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நம்பியிருந்தா, டாக்டர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்திருக்க மாட்டியே."

சிரித்தால் நெஞ்சு வலிக்கும், பேசாமல் நடங்கள் என்று அதட்டினாள். அதட்டிவிட்டு, ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.