புள்ளி வைத்த பிள்ளைகள்

பழைய பிறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் தொண்டுக்கு வருகிறவருக்கு முதலில் பெருமை வரும், அடுத்ததாகத் தும்மல் வரும். இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மின்விசிறி

ஓர்ஸ் ஹில்லில் எங்களுக்குக் கிடைத்த அறையில் மின்விசிறி உண்டு, போடத்தான் முடியாது. பதிவேட்டு ஒற்றைகள் மக்கிப்போனவை, காற்றுப் பட்டால் துண்டு துண்டாகப் பறக்கும். வியர்வை சொட்டாமல் ஆளுக்கொரு துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் படம் எடுப்போம். முதல் நாள் தேத்தண்ணி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்ச எப்ப சலூன் திறந்தனீங்கள்?"

வெறும் கட்டம்

கிண்ணியாவிலிருந்து வரும் றிபாயாதான், படத்தைப் பார்த்து விவரங்களைக் கணினியில் எங்களில் வேகமாகத் தட்டுபவள். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த தீட்டான துடக்குக் கழிந்த பிறகுதான் பல வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். அதற்கு முன்பே பதியப்போன தகப்பன்மார் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் கணினியோ பெயரில்லாத பிள்ளையை ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. றிபாயா பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளியைப் போட்டாள். கணினி வாயை மூடிக்கொண்டது.

"அதுக்கு ஏதாவது ஒண்டு வேணும், குடுத்திட்டன்."

சாம்பல்தீவு அக்கா

ஒருநாள் சாம்பல்தீவிலிருந்து புஷ்பம் அக்கா வந்தார். தனக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை பிறந்து சில நாளில் இறந்ததாக அவருடைய தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி நம்பவில்லை. அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரித்தாராம். அம்மா சொன்னது உண்மை என்று காட்டவேண்டும், அக்காவுக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் தேடலோ பிள்ளையின் பெயரைத்தான் கேட்கும். அண்ணனின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேர் வைக்க முன்னமே போயிட்டுது, தங்கச்சி."

தேடல்

றிபாயா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேடும் கட்டத்தில் ஒரு புள்ளியைத் தட்டினாள். திரை நிறையப் பெயரில்லாத பிள்ளைகள் வந்தார்கள். ஊரையும் தகப்பன் பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். சாம்பல்தீவு, ஆண், அக்காவின் தகப்பன் பெயர், தாயின் பெயர். எல்லாம் சரியாக இருந்தன. அக்கா திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்கு அங்கேயே வீடியோ அழைப்பு எடுத்து, போனைத் திரைப்பக்கம் திருப்பினார்.

"அம்மா பொய் சொல்லேல்லை, பார். இனி நான்தான் மூத்த ஆம்பிளை எண்டு துள்ளாத, உனக்கு மேல ஒருத்தர் இருக்கிறார்."

இப்போதெல்லாம் புள்ளி போடவேண்டிய பிள்ளை வந்துவிட்டால் எங்கள் வேகக்காரி றிபாயாவே ஒரு கணம் கையை எடுத்துவிட்டுத்தான் தட்டுகிறாள். எங்கள் வேலை பிந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.