அன்ரனெற்றின் அரைப் பைன்ற்

சீமோனின் செத்தவீட்டில் பெட்டியருகே நின்று அழுதுகொண்டிருந்த அவருடைய அக்கா வேரோனிக்கா, அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியின் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊத்திக் குடுத்துக் குடுத்தே என்ர தம்பியைச் சாகடிச்சுப்போட்டாய்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மனைவி அன்ரனெற், பக்கத்தில் நின்ற மகன் ஜஸ்ரின் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்ரனெற் குடிப்பவள்தான். கல்யாணம் பேசி முடித்து, கனடாவுக்கு ஸ்பொன்சர் சரிவரும்வரை அவள் லண்டனில் தமக்கையோடு இருந்தாள். காலை வேளைகளில் ஒரு பப்பைக் கூட்டித் துடைக்கும் வேலை. வேலை முடிந்ததும் முதலாளியம்மா அரைக் கிளாஸ் பிற்றர் என்ற கசப்பு பியர் வார்த்துக் கொடுப்பாள். கீழறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிற, ஐஸ் போலக் குளிராத, தேயிலைச் சாயம்போலச் சிவந்த ஏல் வகை. முதல் வாய் வேப்பம்பூவாய்க் கசந்தது. இரண்டு மூன்று வாய் போனபின் அந்தக் கசப்புக்குப் பின்னால் வறுத்த தானியத்தின் மணம் வந்தது. அது அவளுக்குப் பிடித்துக்கொண்டது. தலை சுற்றுவதற்காக அல்ல. அரைக் கிளாசில் யாருக்கும் தலை சுற்றாது.

ரொறன்ரோவுக்கு வந்து சீமோனைக் கட்டிய பிறகு அவள் அதைத் தொடவில்லை. வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில் ஒரு குடிகாரன் போதும் என்றிருந்தது. சீமோன் வெயர்ஹவுஸில் வேலை முடித்து, நண்பர்களின் பேஸ்மென்ட்களில் விஸ்கி குடித்துவிட்டு வருவார். பூட்டுத் துளையில் திறப்பு உரசுகிற சத்தத்தை வைத்தே, அன்றைக்கு அப்பாவோடு பேசலாமா கூடாதா என்று சிறுவயது ஜஸ்ரினுக்குத் தெரியும். அவன் படித்து, ஸ்டெபனியைக் கல்யாணம் செய்து மோர்னிங்சைட்டில் வீடு வாங்கிப் போனதும், வீட்டில் மிஞ்சியது அவளும் விஸ்கி மணமும்தான்.

ஒருநாள் சீமோனுக்கு வயிறு வீங்கியது. ஈரல் பழுதாகிவிட்டது, இனி ஒரு துளியும் கூடாது என்றார் டொக்டர். சீமோன் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அந்தக் கிழமையே லோன்ட்ரி அறையில் விழுந்து கிடந்தார்.

அன்ரனெற் அவரைத் தூக்கி இருத்தி முகம் துடைத்துவிட்டாள். "உங்களால நிப்பாட்டேலாது. குடிக்கிறதெண்டால் இனி என்னோட இருந்து குடியுங்கோ. ஒரு கிளாஸ். ஆறுதலா."

"உமக்கென்ன விசரா?"

"ஓம். உங்களைக் கட்டின நாளிலயிருந்து."

லோரன்ஸ் அவெனியூவில் கைப்பம்பு வைத்திருந்த ஒரு பழைய பப்புக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டிப்போனாள். சீமோன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"உது கசாயம். சூடும் இல்லை, குளிரும் இல்லை."

"விழுங்காதேங்கோ. வாயில கொஞ்சம் வைச்சிருங்கோ."

விஸ்கியை அவர் ஒருநாளும் வாயில் வைத்திருந்ததில்லை. தொண்டையில் கவிழ்த்துத்தான் பழக்கம். ஏல் அவரை மெதுவாக இருக்க வைத்தது. மெதுவாக இருந்ததால் பேச வேண்டியிருந்தது. தன் தகப்பன் தன்னை அடித்த கதையை, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தான் பயந்துபோன கதையை எல்லாம் அங்கேதான் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வீட்டில் அதே ஏலில் ஒரு போத்தல். அலுமாரியிலிருந்து எடுத்து, அடியில் படிந்த மண்டி கலங்காமல் அவளே சரித்து ஊற்றுவாள். பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. பேஸ்மென்ட் நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார். நாலு வருசம் அப்படிப் போயிற்று. அவள் கல்யாணம் முடித்த மனிதரை அந்த நாலு வருசத்தில்தான் கண்டாள். பிறகு ஈரல் முற்றாகக் கைவிட்டது.

செத்தவீடு முடிந்தபின் ஜஸ்ரின் வந்தான். ஸ்டெபனிக்குப் பிள்ளை பிறக்க இருந்தது.

"அம்மா, பேபியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வரவேணும். But no drinking. பப்புக்கும் போகேலாது. மாமி சொன்னதை நான் சரியெண்டு சொல்லேல்லை. ஆனா நீங்கள் கொஞ்சம் யோசிக்கவேணும்."

பேரப்பிள்ளைக்காக அவள் சம்மதித்தாள். அலுமாரியில் இருந்த போத்தல்களைத் தொட்டியில் ஊற்றினாள்.

பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் முடிந்த பின்னேரம் ஜஸ்ரினின் பேஸ்மென்டில் ஆண்கள் கூடினார்கள். அன்ரனெற் கட்லட் பொரித்துத் தட்டில் கொண்டுபோனாள். மேசையில் விஸ்கிப் போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஜஸ்ரினின் கண்கள் சிவந்திருந்தன. அவனுடைய சிநேகிதன் கிளிபோட் ஒரு பியர் கானை நீட்டினான்.

"அன்ரி, நீங்களும் ஒண்டு எடுங்கோவன்."

"அம்மா குடிக்கிறேல்லை," என்றான் ஜஸ்ரின், கிளாசை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு.

அவள் தட்டை வைத்தாள். "குடிக்கிறனான். உன்ர கொப்பரோடையும் குடிச்சனான். அவர் கடைசியா மனுசனா இருந்தது என்ர மேசையிலதான். உந்த மேசையிலயில்லை."

படியிறங்கி வந்த வேரோனிக்கா பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். அன்ரனெற் மேலே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள்.

ஜஸ்ரின் பிறகு அழைக்கவில்லை. பிள்ளையை இப்போது ஸ்டெபனியின் தாய் பார்க்கிறாள். பேரனை அன்ரனெற் காண்பது கோயிலில், இரண்டு வாங்கு வரிசைகள் தள்ளி, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாகத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் பப்புக்குப் போய் அரைப் பைன்ற் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே தனியாக இருக்கிறாள். டொக்டர் ஒரு துளியும் கூடாது என்றது அவளுக்கு மறக்கவில்லை. அந்த நாலு வருசத்தை அவருக்குக் கொடுத்தாளா, அவரிடமிருந்து இன்னும் சில வருசங்களை எடுத்தாளா? சில வாரங்களில் ஒன்று சரியென்று படும், சில வாரங்களில் மற்றது. கேட்பதற்கு ஆள் இல்லை. கிளாசில் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, குளிருக்குக் கழுத்துவரை பட்டன் பூட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நிற்பாள்.