எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கேமரா மாட்டியவர் எதிர்வீட்டுக்காரர்தான். ஏணியில் ஏறிவிட்டால் வாய் ஓயாது. எல்லாம் சுத்தமாகச் செய்வார். கம்பெனியில் போட்டு அனுப்பும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றவே மாட்டார்.

"மாத்தினா நீங்க மறந்துடுவீங்க. அப்புறம் என் உயிரத்தான் எடுப்பீங்க," என்பார். எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது. சோம்பேறித்தனத்தை யாராவது சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

கொஞ்ச நாளாக எல்லார் வீட்டிலும் இணையம் ஊர்ந்தது. யாரும் பார்க்காதபோதும் கேமராவின் பச்சை விளக்கு ஓயாமல் துடித்தது. அவர் வந்து வயரைக் கழற்றி மாட்டுவார், சரியாகும். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மறுபடி துடிக்கும்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"எங்க இன்ஜினியர் சொன்னாருங்க. எவனோ எழுதின புரோகிராம் இந்த மாதிரி கேமராவா தேடிப் போய், கம்பெனி பாஸ்வேர்டப் போட்டுப் பாக்குமாம். தெறந்துட்டா உள்ள பூந்துக்குமாம். கேமரா அது பாட்டுக்கு வேலை செய்யுமாம். அவன் உத்தரவு போட்டதும் ஆயிரக்கணக்கான கேமராவும் சேந்து ஒரே எடத்துல போய் முட்டுமாம், அந்த எடம் திணறி நின்னுடுமாம். பாட்நெட்டுன்னு பேராம். நம்ம வீட்டுலயாவது மாத்துங்க."

"படம் தெரியுதில்ல? அப்புறம் என்ன," என்றார் அவர்.

அவர்கள் வீட்டுக் கேமரா, இதய ஆபரேஷன் முடிந்து பகலில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவுக்காக மாட்டியது. வேலைக்கு நடுவே செல்போனில் அம்மாவை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

ஒரு மதியம், ஏதோ ஒரு கடையில் ஏணி மேல் நின்றபடி பார்த்தார். படம் விட்டுவிட்டு வந்தது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸுக்கு அடித்தார், மணியே போகவில்லை. மனைவியின் செல்லுக்கு அடித்தார்.

"இங்க லைனெல்லாம் நெட்டுலதாங்க ஓடுது, எல்லாம் செத்துக் கெடக்கு. வெளியிலேருந்து எதுவோ வந்து முட்டிக்கிட்டே இருக்கு. ஒரு வண்டியக்கூட அனுப்ப முடியல," என்றாள். விஷயத்தைக் கேட்டதும், "எதிர்வீட்டுக்குச் சொல்லுங்க," என்று கத்தினாள்.

அவர் எனக்குச் சொல்லி, நாங்கள் கதவை உடைத்து, கிடைத்த காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியிலேயே அம்மா போய்விட்டார்.

வீடு திரும்பியவர் கேமராவின் கீழே நின்றார், நானும் கூடப் போயிருந்தேன். விளக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இதுவும் உங்க ஆபீஸத்தான் முட்டிக்கிட்டு இருக்கா?" என்று வேலையிலிருந்து ஓடி வந்திருந்த மனைவியிடம் கேட்டார்.

அவள் வயரைப் பிடுங்கினாள்.

ஜன்னல் வழியே என் வீட்டு வாசல் தெரிந்தது. அங்கேயும் விளக்கு துடித்தது. பாஸ்வேர்டு மாற்ற எனக்குத் தெரியாது. ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைத்தேன்.